அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த லோஷனை வீடே போட்டுக்கொள்கிறது, நிறுத்தவா?

வைகைக்கரை · ஞாயிறு இரவு 10.42

மதுரையில் இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 64 வயது, 15 வருடமாகச் சர்க்கரை. மார்கழி பிறந்தால் போதும், முழங்காலுக்குக் கீழே சாம்பல் பூசியது போல வெளுத்துவிடும், நகத்தால் கீறினால் கோடு விழும். குதிகாலில் பித்தவெடிப்பு வேறு. போன மாதம் தோல் மருத்துவர் ஒரு லோஷன் எழுதிக் கொடுத்தார். பத்தே நாளில் கால் பளபளவென்று ஆகிவிட்டது. அம்மாவுக்கு ஒரே பெருமை, பக்கத்து வீட்டு அத்தையிடம் சேலைக் கரையை லேசாகத் தூக்கிக் காட்டுகிறார்.

பிரச்சினை அதற்கப்புறம்தான். பாட்டிலின் முன்பக்கம் பெரிய எழுத்தில் மாய்ஸ்சரைசிங் லோஷன் என்றுதான் போட்டிருக்கிறது. குளியலறை மாடத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்கிறது. மனைவி முகத்துக்குப் போட ஆரம்பித்தாள், அலுவலகத்தில் ஏசி, முகம் காய்கிறது என்று. மூன்றாவது நாள் மதிய வெயிலில் ஸ்கூட்டியில் போய் வந்தவளுக்குக் கன்னம் இரண்டும் சிவந்து, தண்ணீர் பட்டாலே சுள்ளென்கிறது. நான் அதைவிடப் புத்திசாலி. மூன்று வயதுப் பையனுக்கு முழங்கை மடிப்பில் கரப்பான், சொறிந்து சொறிந்து லேசாகத் தோல் உரிந்திருந்தது. நேற்று இரவு அதில் இதைத் தடவிவிட்டேன். தெருவே எழுந்துகொள்கிற மாதிரி கத்தினான். அவசரமாகக் கழுவிவிட்டேன், பத்து நிமிடத்தில் அடங்கிவிட்டது.

இது லோஷனா, ஆசிட்டா? அம்மாவுக்கும் நிறுத்திவிடவா?

நுங்கு வண்டி · ஞாயிறு இரவு 10.51

தேங்காய் எண்ணெய் போடுங்கள். எங்கள் தாத்தா 91 வயது வரை அதுதான்.

மாத்திரைப்பெட்டி · ஞாயிறு இரவு 11.30

தம்பி, பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பொடி எழுத்தில் ‘ஒவ்வொரு கிராமிலும்’ என்று தொடங்கி ஒரு பட்டியல் இருக்கும். அதில் இருப்பதை அப்படியே இங்கே எழுதுங்கள். முன்பக்கம் விளம்பரத்துக்கு, பின்பக்கம்தான் விஷயம். 27 வருடம் மருந்துக்கடையில் நின்றவன் சொல்கிறேன், முன்பக்கத்தைப் பார்த்து லோஷன் வாங்குகிறவர்கள்தான் பத்தில் ஒன்பது பேர்.

வைகைக்கரை · திங்கள் காலை 6.15

யூரியா 10%, லாக்டிக் அமிலம் 5%, புரொப்பிலீன் கிளைக்கால் 10%, லிக்விட் பாரஃபின் 10%. கீழே ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’. அவ்வளவுதான். ஐயா, யூரியா என்றால் வயலுக்குப் போடுவோமே, அதேவா?

மாத்திரைப்பெட்டி · திங்கள் காலை 7.40

அதே பொருள்தான், சுத்தம் செய்தது. உடனே உர மூட்டையில் இருந்து ஒரு கை அள்ளி வாஸ்லினில் குழைக்கக் கிளம்பிவிடாதீர்கள், எங்கள் ஊரில் ஒருவர் குழைத்திருக்கிறார். நம் தோலிலேயே இயல்பாக யூரியா உண்டு. தோலின் மேலடுக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் சில பொருள்களில் அதுவும் ஒன்று. லோஷனில் 10% வரை இருந்தால் பெரும்பாலும் ஈரம் பிடிக்கிற வேலை. 20% தாண்டினால் தடித்த தோலைக் கரைக்கிற வேலை. 40% யூரியாவை ஒத்தடம் மாதிரி கட்டி, பூஞ்சை பிடித்துத் தடித்த நகத்தையே இளக்கி எடுப்பார்கள். ஒரே பெயர், அளவு மாறினால் ஆளே மாறிவிடும்.

லாக்டிக் அமிலம் தயிரில் இருக்கிற அதே புளிப்பு. செத்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதைத் தளர்த்திவிடும், அதனால்தான் அம்மாவின் செதில் உதிர்ந்து கால் பளபளத்தது. பழைய மேலடுக்கு போனபிறகு கீழே இருக்கிற புதுத்தோலுக்கு வெயில் தாங்காது. இந்த வகை அமிலம் சேர்ந்த பூச்சு போடுகிற நாட்களிலும், நிறுத்திய பிறகு ஒரு வாரமும் வெயிலில் கவனம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகமே பாட்டிலில் எழுதச் சொல்கிறது. உங்கள் வீட்டம்மா கன்னம் சிவந்தது அங்கேதான். கால் தோலுக்கு எழுதியதைக் கன்னத்தில் போட்டால் வேறென்ன ஆகும், இரண்டும் ஒரே தடிமனா? நிறுத்திவிட்டு, வாசனை இல்லாத சாதா கிரீம் ஏதாவது, வெளியே போகும்போது சன்ஸ்கிரீன், ஒரு வாரத்தில் சரியாகும். நீர் கோத்தாலோ வீங்கினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

பையனுக்கு எரிந்தது, தோல் உரிந்த இடத்தில் அமிலமும் யூரியாவும் நேராக நரம்பு முனையில் பட்டதால். உடனே கழுவியது சரி. ஒரு தடவை பட்டதில் பெரிய கெடுதல் ஒன்றும் வராது, பயப்படாதீர்கள். ஆனால் இந்தப் பட்டியலில் சாலிசிலிக் அமிலமும் இருந்திருந்தால் நான் இவ்வளவு நிதானமாக எழுதியிருக்க மாட்டேன். அது தோல் வழியாக ரத்தத்துக்குப் போகும். குழந்தைகளுக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், உடம்பு முழுக்கத் தடவினால் ஆஸ்பிரின் அதிகமாகத் தின்ற மாதிரி வாந்தி, மூச்சிரைப்பு, காதில் இரைச்சல் என்று போய்விடும்.

குறிஞ்சிப்பூ · திங்கள் மதியம் 2.05

தோல் நோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன், அதனால் அம்மாவைப் பற்றி மட்டும் முதலில் கேட்கிறேன் தம்பி, மற்றது அப்புறம். அம்மாவுக்குப் பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா? செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடந்து வருவது, பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்பது, இந்த மாதிரி ஏதாவது சொல்கிறாரா? வெடிப்பில் ரத்தம் கசிகிறதா?

வைகைக்கரை · திங்கள் மாலை 5.48

அக்கா, பஞ்சு மாதிரி என்று இரண்டு வருடமாகவே சொல்கிறார். நாங்கள் அது வயசு என்று விட்டுவிட்டோம். நீங்கள் கேட்டபிறகு இப்போது விளக்கைப் போட்டு உட்கார வைத்துப் பார்த்தேன். இடது குதிகாலில் ஒரு வெடிப்பு ஆழமாக இருக்கிறது, ஓரம் மஞ்சளாகத் தடித்து, நடுவில் சிவப்பாக. அதிலும் லோஷனைத் தேய்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எரியவில்லையா அம்மா என்றால் இல்லையே என்கிறார். கால் விரல் இடுக்கு நான்கிலும் வெள்ளையாக ஊறிப் போயிருக்கிறது, அங்கேயும் லோஷன் நிறைய போட்டிருக்கிறார், நல்லது என்று நினைத்து.

குறிஞ்சிப்பூ · திங்கள் இரவு 9.20

அதற்குத்தான் கேட்டேன். பையன் கத்தினான், நீங்கள் கழுவினீர்கள். அம்மாவுக்கு எரிந்திருக்க வேண்டிய இடத்தில் எரியவே இல்லை, அது லோஷன் மென்மையாக இருப்பதால் இல்லை, நரம்பு சொல்லவில்லை. இந்த உரையாடலில் எனக்குக் கவலை தருவது அம்மாவின் இடது குதிகால்தான், பையனின் முழங்கை இல்லை. நாளைக்கே சர்க்கரை மருத்துவரிடமோ பாதத்துக்கென்று தனியாக இருக்கும் சிகிச்சைப் பிரிவிலோ காட்டுங்கள். சதை தெரிகிற வெடிப்பில் மருந்து கலந்த லோஷன் போடவே கூடாது, தடித்த ஓரத்தில் மட்டும் போடலாம், அதுவும் அவர்கள் பார்த்துச் சொன்னபிறகு. பிளேடால் சீவுவது, கல்லில் தேய்ப்பது, கடையில் விற்கிற ஆணிக்கால் பிளாஸ்டர் ஒட்டுவது மூன்றும் வேண்டாம். அந்த பிளாஸ்டரில் இருப்பது 40% வரை சாலிசிலிக் அமிலம், உணர்ச்சி இல்லாத காலில் நல்ல தோலையும் சேர்த்துத் தின்றுவிட்டுப் புண்ணாக்கும். அந்தப் புண்ணைத்தான் நாங்கள் மாதக்கணக்கில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

விரல் இடுக்கில் எந்த லோஷனும் வேண்டாம். அங்கே ஏற்கெனவே ஈரம், இதையும் போட்டால் ஊறி, பூஞ்சை வந்து, அதில் ஒரு கீறல் விழுந்து, அது வழியாகக் கிருமி உள்ளே போய்க் கால் வீங்கி வருவார்கள். குளித்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் இடுக்கு இடுக்காக ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். கெண்டைக்காலுக்கும் பாதத்தின் மேற்பக்கத்துக்கும் லோஷனைத் தொடரலாம், அது அவருக்கு நன்றாகவே வேலை செய்கிறது, அதை ஏன் நிறுத்த வேண்டும்? உள்ளங்காலில் போட்டால் உடனே பருத்தி சாக்ஸ் மாட்டிவிடுங்கள். லோஷன் காலோடு குளியலறை டைல்ஸில் நடந்து இடுப்பு எலும்பு முறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தறிக்காரன் · திங்கள் இரவு 10.02

நானும் சொல்லிவிடுகிறேன், வெட்கம் என்ன. குமாரபாளையத்தில் தறிப்பட்டறை, நாள் முழுக்க வியர்வை. தொடை இடுக்கில் படர்தாமரை. கடையில் கேட்டேன், ஒரு டியூப் கொடுத்தார்கள், எந்தக் கடை என்று கேட்காதீர்கள். போட்ட அன்றைக்கே அரிப்பு நின்றது. தெய்வமே என்று கும்பிட்டேன். நான்கு நாள் விட்டால் திரும்ப வரும், திரும்பப் போடுவேன். தோல் வறண்ட மாதிரி இருந்தால் கை முட்டிக்கும் அதையே. இப்படி ஐந்து மாதம். வட்டம் தட்டு அளவுக்குப் பெரிதாகி வயிற்றுக்கு ஏறிவிட்டது, தொடையில் பிரசவமான பெண்களுக்கு வயிற்றில் இருக்குமே, அந்த மாதிரி சிவப்பு வரி. மருத்துவர் டியூபைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே கிளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு, கூடவே பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, எல்லாம் ஒரே டியூபில். ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கி வைக்க, பூஞ்சை உள்ளே சோறு போட்டு வளர்ந்திருக்கிறது. அதற்கப்புறம் இரண்டு மாதம் மாத்திரை. வட்டம் போய்விட்டது. வரி போகாது என்று சொல்லிவிட்டார்.

மாத்திரைப்பெட்டி · திங்கள் இரவு 10.35

தறிக்காரரே, என் வர்க்கத்தின் சார்பில் மன்னிப்பு. 2018ல் கிளோபெட்டசால் உள்ளிட்ட பல ஸ்டீராய்டு பூச்சுகளை மத்திய அரசு ‘ஷெட்யூல் எச்’ என்ற மருந்துப் பட்டியலில் சேர்த்தது, மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது என்பதுதான் சட்டம். டியூபில் சிவப்புக் கோடும் ஆர்எக்ஸ் என்ற குறியும் இருந்தால் அது அந்த ரகம். கல்லாவில் நிற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை. நானே ஆரம்ப காலத்தில் கொடுத்திருக்கிறேன்.

பொதுவாகச் சொல்கிறேன், முடிவில் சால், சோல், சோன் என்று வந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன். எல்லா சோலும் ஸ்டீராய்டு இல்லை, கீட்டோகோனசோல் பூஞ்சை மருந்து, அதனால் இதைச் சூத்திரமாக எடுத்துக்கொள்ளாமல், நின்று விசாரிப்பதற்கு ஒரு சாக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

மெஸ் சாம்பார் · திங்கள் இரவு 11.47

எங்கள் விடுதியில் போன செமஸ்டரில் சிரங்கு. பெர்மெத்ரின் 5% லோஷன் எழுதிக் கொடுத்தார்கள். கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை ஒரு இடம் விடாமல் தடவி, 8 முதல் 14 மணி நேரம் வைத்துக் குளித்துவிட வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை, அவ்வளவுதான் கணக்கு. என் அறைத்தோழன் அரிப்பு நிற்கவில்லை என்று தினமும் பாடி லோஷன் மாதிரி போட்டான். பூச்சி செத்தபிறகும் அரிப்பு இரண்டு முதல் நான்கு வாரம் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. தோல் காய்ந்து வேறு விதமாக அரிக்க ஆரம்பித்து, அதற்கும் அதையே போட்டான். 12 பேர் இருந்த தளத்தில் 11 பேர் போட்டோம், ஒருவன் எனக்கு அரிக்கவில்லை என்று மறுத்துவிட்டான், அவனிடம் இருந்து எல்லோருக்கும் மறுபடி.

நுங்கு வண்டி · செவ்வாய் காலை 6.30

பார்த்தீர்களா, எல்லாம் கெமிக்கல் செய்கிற வேலை. வேப்பிலை, மஞ்சள், தேங்காய் எண்ணெய். இயற்கையில் கெடுதல் கிடையாது.

மாத்திரைப்பெட்டி · செவ்வாய் காலை 8.10

தேங்காய் எண்ணெயை நான் எதிர்க்கவே இல்லை ஐயா, என் வீட்டிலும் அதுதான். சாதா வறட்சிக்கு அருமையான பொருள். ஆனால் காய்ந்த தோல் மேல் எண்ணெய் போட்டால் மேலே மினுக்கும், உள்ளே தண்ணீர் இருந்தால்தானே எண்ணெய் அதை மூடி வைக்கும்? குளித்த ஈரத்தோடு போடுங்கள். பொடுகு உள்ளவர்கள் தலையிலும் புருவத்திலும் மூக்கோரத்திலும் ஊற்றிக்கொள்ள வேண்டாம், அந்தப் பூஞ்சைக்கு எண்ணெய்தான் தீனி.

இயற்கையில் கெடுதல் இல்லை என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது. எலுமிச்சைச் சாறு தேய்த்துக்கொண்டு வெயிலில் நில்லுங்கள், கொப்புளம் போட்டுக் கருந்திட்டு விழும், பல வாரம் போகாது. பூண்டு நசுக்கிக் கட்டித் தோல் வெந்து வந்தவர்களும் உண்டு.

லண்டன் குளிர் · செவ்வாய் மாலை 4.20

காரைக்குடிக்காரன், இப்போது இங்கிலாந்தில். இங்கே வந்தபிறகு எனக்கே கை கால் எல்லாம் எக்சிமா, அதாவது கரப்பான். இரண்டு விஷயம் சொல்கிறேன், ஊரில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

ஒன்று, இங்கே ‘அக்வியஸ் கிரீம்’ என்று மலிவாக ஒன்று கிடைக்கும், பல வருடமாக எக்சிமாவுக்கு அதையே தடவச் சொன்னார்கள். அதில் சோடியம் லாரில் சல்பேட் இருக்கிறது, சோப்பில் நுரை வர வைப்பதுதான். தடவி விட்டுவிட்டால் சிலருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, எரிச்சல் வரும் என்று 2013ல் இங்குள்ள மருந்து ஒழுங்குமுறை அமைப்பு எச்சரித்தது. வறட்சிக்கு என்று விற்ற பொருளே சிலருக்கு வறட்சியைக் கூட்டியிருக்கிறது. சோப்புக்குப் பதில் தேய்த்துக் கழுவிவிட்டால் பரவாயில்லை.

இரண்டாவது நெருப்பு. பாரஃபின் கிரீமோ எண்ணெய்ப் பசை உள்ள எந்த கிரீமோ துணியில் ஊறிக் காய்ந்துவிட்டால் அந்தத் துணி சாதாரணத் துணியைவிடச் சட்டென்று பற்றிக்கொள்ளும். கிரீம் தானாக எரியாது, துணியோடு சேர்ந்தால்தான் ஆபத்து. துவைத்தாலும் முழுக்கப் போகாது. முதலில் பாரஃபின் அதிகமுள்ளவற்றுக்கு மட்டும் இருந்த எச்சரிக்கையை 2018 டிசம்பரில் எல்லா வகைக்கும் விரிவாக்கினார்கள், நெருப்பில் பலர் இறந்த பிறகு. இங்கே சிகரெட் பிடிக்கிற முதியவர்கள்தான் பெரும்பாலும். நம் வீட்டில் அம்மா கால் முழுக்க லோஷன் போட்டு, அது பட்ட நைலக்ஸ் சேலையோடு விளக்கேற்றக் குனிவதை யோசித்துப் பாருங்கள். அடுப்படியும் அப்படித்தான்.

வைகைக்கரை · செவ்வாய் இரவு 9.15

இன்று போய்க் காட்டிவிட்டோம். ஒரு நைலான் இழையை, மீன் தூண்டில் நரம்பு மாதிரி இருந்தது, அம்மாவின் பாதத்தில் அங்கங்கே வைத்து அழுத்தித் தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார்கள். பத்து இடத்தில் ஆறில் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கண்ணை மூடிக்கொண்டு இன்னும் தொடவில்லையே என்று உட்கார்ந்திருந்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வெடிப்பைச் சுத்தம் செய்து கட்டுப்போட்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். தினமும் இரவில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டுமாம். லோஷன் கெண்டைக்காலுக்கு மட்டும். குறிஞ்சிப்பூ அக்கா, நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் நான் இன்னும் முகம், முழங்கை என்றுதான் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

பையனுக்கு என்ன போடுவது என்றும் சொல்லிவிடுங்கள். குழந்தை மருத்துவர் சாதா மாய்ஸ்சரைசர் ஒன்றும், ஹைட்ரோகார்டிசோன் 1% ஐந்து நாளைக்கும் எழுதிக் கொடுத்தார். தறிக்காரர் எழுதியதைப் படித்தபிறகு ஸ்டீராய்டைத் தொடவே பயமாக இருக்கிறது.

குறிஞ்சிப்பூ · செவ்வாய் இரவு 10.40

பயந்து போடாமல் விடுவதும் நாங்கள் தினமும் பார்க்கிறதுதான், பிள்ளை இரவெல்லாம் சொறிந்து சீழ் வைத்து வரும். தறிக்காரர் போட்டது மிக வலுவான ரகம், ஐந்து மாதம், மெல்லிய தோலில், பூஞ்சை மேல். உங்களுக்கு எழுதியது வலு குறைந்த ரகம், ஐந்து நாள், கரப்பானுக்கு. இரண்டையும் ஒரே பெயரால் கூப்பிடுவதுதான் குழப்பம்.

அளவு சொல்கிறேன். உங்கள் ஆள்காட்டி விரலின் கடைசிக் கணுவில் இருந்து நுனி வரை டியூபில் இருந்து ஒரு கோடு பிதுக்குங்கள். கிட்டத்தட்ட அரை கிராம். பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவ்வளவு பரப்புக்கு அது போதும். பையனின் இரண்டு முழங்கை மடிப்புக்கும் சேர்த்து அதில் பாதி போதும். சிவந்த இடத்தில் மட்டும், நாளுக்கு எத்தனை முறை என்று சீட்டில் இருக்கிறதோ அத்தனை முறை.

மாய்ஸ்சரைசருக்கு இந்தக் கணக்கே கிடையாது. மருந்து எதுவும் கலக்காததாக இருந்தால் அள்ளிப் போடுங்கள். எக்சிமா உள்ள குழந்தைகளுக்கு வாரம் 250 முதல் 500 கிராம் வரை என்று பிரிட்டன் வழிகாட்டுதலே சொல்கிறது, நம் ஊரில் 100 மில்லி பாட்டிலை மூன்று மாதம் வைத்துக்கொண்டு லோஷன் கேட்கவில்லை என்பார்கள். விலையும் ஒரு காரணம்தான், தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து, பத்து நிமிடக் குளியல், சுடச்சுட வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி, தோலில் ஈரம் இருக்கும்போதே மூன்று நான்கு நிமிடத்துக்குள், முடி வளர்கிற திசையில், மேலிருந்து கீழாக. எதிர்த்துத் தேய்த்தால் முடிக்கால் அடைத்துப் பரு பருவாக வரும். மருந்தையும் மாய்ஸ்சரைசரையும் குழைத்துப் போடாதீர்கள், மருந்து நீர்த்து எங்கெங்கோ பரவிவிடும். எது முதல் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள், உங்கள் மருத்துவர் சொன்னபடி செய்யுங்கள், நடுவில் ஒரு இருபது நிமிடம் விட்டால் போதும்.

டப்பாவாக இருந்தால் சொறிந்த கையை உள்ளே விட வேண்டாம். ஒரு சுத்தமான கரண்டி.

தாவணி · புதன் காலை 11.05

நடுவில் ஒரு கேள்வி. முகம் வெளுக்கிற நைட் லோஷன் ஒன்று ஊரில் எல்லோரும் போடுகிறார்கள், டப்பாவில் தயாரித்த இடம்கூட இல்லை. இரண்டு வாரத்தில் பளிச்சென்று ஆகிறது. இதுவும் மாய்ஸ்சரைசர் என்றுதான் சொல்கிறார்கள்.

மாத்திரைப்பெட்டி · புதன் காலை 11.20

தூக்கிப் போடு தாயி. இரண்டு வாரத்தில் வெளுக்கிறது என்றால் பாதரசமோ வலுவான ஸ்டீராய்டோ ஹைட்ரோகுவினோன் என்ற வெளுக்கிற மருந்தோ உள்ளே இருக்க வாய்ப்பு அதிகம். 2023ல் கேரளத்தில் மலப்புறத்தில் வெளுக்கும் கிரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகி, கிரீமில் பாதரசம் இருந்தது தெரிய வந்தது. தயாரித்த இடம், உரிம எண், காலாவதி தேதி இல்லாத எதையும் தோலில் வைக்காதே. வாழைப்பழம் வாங்கவே தோலைத் தடவிப் பார்க்கிறோம்.

ஸ்டீராய்டு இருந்தால் நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும், அதைப் பார்த்து மறுபடி அதையே போட்டுவிடாதே, நேராகத் தோல் மருத்துவரிடம் போ.

தாவணி · புதன் காலை 11.24

என் அக்கா ஒரு வருடமாகப் போடுகிறாள். இன்றே அழைத்துப் போகிறேன்.

குறிஞ்சிப்பூ · புதன் மதியம் 1.10

டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள். சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றும் கேளுங்கள், நுரையாகப் போகிறது, கால் முகம் வீங்குகிறது என்றால் கட்டாயம்.

லண்டன் குளிர் · புதன் இரவு 8.30

புது லோஷன் எதுவாக இருந்தாலும் நான் முழங்கையின் உட்புறம் ஒரு ரூபாய் அளவுக்கு ஒரே இடத்தில் காலை மாலை ஒரு வாரம் போட்டுப் பார்ப்பேன். ஒரு நாள் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது, ஒவ்வாமை இரண்டு மூன்று நாள் கழித்துக்கூட எட்டிப் பார்க்கும். எனக்கு அப்படித்தான் லனோலின் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. ஆட்டு ரோமத்தில் இருந்து எடுக்கிற கொழுப்பு அது, சுத்த இயற்கை. நுங்கு வண்டி அண்ணன் கவனத்துக்கு.

இன்னொன்று, பட்டியலில் சீட்டைல் ஆல்கஹால் என்று பார்த்து ஐயோ சாராயம் என்று பயந்தேன். அது மெழுகு மாதிரி கொழுப்பு, தோலை உலர்த்தாது.

வைகைக்கரை · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 6.05

வந்து சொல்கிறேன் என்றவன் மறந்துவிட்டேன். அம்மாவின் வெடிப்பு மூடிவிட்டது, ஒரு கோடு மட்டும் தெரிகிறது. கண்ணாடி பார்க்கிற வேலையைப் பையன் எடுத்துக்கொண்டான், தினமும் இரவு டார்ச்சோடு வந்து பாட்டி காலைத் தூக்கு என்கிறான். அவன் முழங்கை ஐந்து நாளில் அடங்கியது, இப்போது வெறும் மாய்ஸ்சரைசர், தினமும் இரண்டு வேளை. மனைவி கன்னம் சரி, ஆனால் என் மேல் கோபம் சரியாகவில்லை, பாட்டிலைத் திருப்பிப் பார்க்க உனக்கு என்ன கேடு என்று நான் கேட்டது தப்பு, நானும்தான் பார்க்கவில்லை.

பாட்டிலில் வெள்ளை பிளாஸ்டரை ஒட்டி மார்க்கர் பேனாவில் ‘பாட்டி, கெண்டைக்கால்’ என்று எழுதி அம்மாவின் அலமாரிக்கு மாற்றிவிட்டேன். அப்படி மாற்றும்போது சாமி மாடத்துக்குப் பின்னால் இன்னொரு லோஷன் பாட்டில் கிடைத்தது, நான்கு வருடத்துக்கு முந்தையது, தண்ணீர் தனியாக எண்ணெய் தனியாகப் பிரிந்து, சிக்கு எடுத்த நல்லெண்ணெய் வாசனை. மூடியைத் திறந்த நாளில் இருந்து எத்தனை மாதம் என்று ஒரு சின்ன டப்பா படத்தில் 12 போட்டிருந்தது. குப்பைக்கூடையில் போட்டேன். மறுநாள் பார்த்தால் காணவில்லை. கேட்டால், நிறைய இருக்கிறதே என்று அம்மா எடுத்து வைத்துக்கொண்டு, கொல்லைக் கதவுக் கீல் கிறீச்சிடுகிறது என்று அதற்கு ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

தறிக்காரன் · ஞாயிறு மாலை 6.12

கீலுக்கு ஒத்துக்கொண்டதா?

வைகைக்கரை · ஞாயிறு மாலை 6.20

சத்தம் நிற்கவில்லை. சிவப்பாக வழிகிறது.

நுங்கு வண்டி · ஞாயிறு மாலை 6.21

தேங்காய் எண்ணெய் போடுங்கள்.